கைமாத்து

மாமாவின் உதிரிப்பாகக் கடைகளுக்கு நான் வந்து சேர்ந்த முதல் காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்கிற நெற்போகத்தில், புதுக்குடியிருப்புக் கடையில் ஒரே ஒரு பெல்ட் இல்லாமல் போனது. வெட்டுமெஷின் பெல்ட். நெல் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது, கிழக்கே முகில் கறுத்துக்கொண்டிருந்தது, மெஷின் வயல் நடுவில் நின்றுவிட்டது. மெஷின் ஓட்டுகிறவர் அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டே கடைக்குள் வந்தாராம். கடையில் நின்ற பெடியன் பார்த்துவிட்டு, "இல்லை அண்ணை, கொழும்புக்குச் சொல்லியிருக்கு. நாளையிண்டைக்கு வரும்" என்றிருக்கிறான். அவர் அதுவரை நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வவுனியா வரை போய் எங்கேயோ ஒரு கடையில் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஒரு பகல் போய்விட்டது. அன்றிரவு மழை.

மூன்று கிழமைக்குப் பிறகு மல்லாவிக் கடையில் சாமான் எண்ணப் போனேன். பின் அறையில், சுவரில் அடித்த ஆணியில், அதே பெல்ட் மூன்று தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் கறுப்புக்குப் பதிலாகச் செம்மண் நிறத்தில் தூசி ஒட்டியது.

அதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அப்ப எங்களிட்ட இருந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

மாமாவுக்கு வன்னியில் கடைகள் நான்கு: கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு. உழவு மெஷின், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷின், இறைக்கிற மெஷின், இப்போது வெட்டுமெஷின் என்று வயலுக்குள் ஓடுகிற எல்லாவற்றுக்கும் உதிரிப்பாகம் விற்கிறோம். கணக்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை, "சும்மா இருக்கிற நேரம் வந்து கடைக் கணக்கைப் பார்" என்று கூப்பிட்டார். சும்மா இருக்கிற அந்த நேரம் இன்னும் முடியவில்லை.

அப்போது நான்கு கடையும் நான்கு தனித் தீவுகள். ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குத் தேவையானதைக் கொழும்புக்குச் சொல்வார், லொறி வரும், அவரவர் அலுமாரியில் அடுக்குவார். ஒரு கடையில் முடிந்தால் மற்றக் கடைக்கு அழைத்துக் கேட்பதும் உண்டு. யாருடன் யார் கதைக்கிறார்களோ அவர்களுக்குள் மட்டும். மாங்குளத்து அண்ணையும் மல்லாவி அண்ணையும் அப்போது கதைப்பதில்லை. எல்லாரும் ஒரே முதலாளியின் ஆட்கள், ஒரே காசு, ஆனால் சாமான் மட்டும் வேறு வேறு.

இதில் எவ்வளவு காசு வீணாகிறது என்பதை மாமாவுக்குக் காட்ட, மெஷினில் ஒயில் கசியாமல் தடுக்கிற ஒரு ஒயில் சீலை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கடையில் அது கிழமைக்குச் சராசரியாக ஒன்று விற்கும். கொழும்பில் இருந்து வந்து சேர ஒரு கிழமை. அப்போ கடையில் ஒன்று வைத்தால் போதுமா? போதாது. சராசரி ஒன்று என்றால் சில கிழமை ஒருவரும் வரமாட்டார், சில கிழமை மூன்று பேர் வந்து நிற்பார்கள். இப்படி எப்போதாவது வந்து ஒன்றிரண்டு கேட்கிற சாமானுக்கென்றே புவாசோன் பரம்பல் என்று ஒன்று இருக்கிறது, உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதன்படி ஒன்று மட்டும் வைத்திருந்தால் நூறு கிழமையில் 26 கிழமை யாராவது வெறுங்கையோடு திரும்புவார். இரண்டு வைத்தால் 8 கிழமை. மூன்று வைத்தால் 2 கிழமை. சரி, மூன்று என்று வைப்போம். நான்கு கடைக்கும் பன்னிரண்டு.

இப்போது நான்கு கடையையும் ஒரே அலுமாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்குச் சராசரி நான்கு விற்கும். அதே 2 கிழமைத் தவறோடு நிற்க எத்தனை தேவை? எட்டு போதும். பன்னிரண்டு செய்த வேலையை எட்டு செய்கிறது.

மாமா இதை நம்பவில்லை. "நாலு எங்க போச்சு?" என்றார். எங்கேயும் போகவில்லை. ஒரு கடையில் மூன்று பேர் வந்து நிற்கிற கிழமையில் இன்னொரு கடைக்கு ஒருவரும் வராமல் இருப்பார், அவ்வளவுதான். சராசரியாக விற்கிற நான்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தனித்தனியாக இருந்தபோது எட்டு சீல் சும்மா பயத்துக்கு வைத்திருந்தோம், சேர்ந்தால் நான்கு போதும். சரி பாதி. கடைகள் நான்கு, நான்கின் வர்க்கமூலம் இரண்டு, அந்த இரண்டால் பிரிபடுகிறது. ஒன்பது கடை இருந்தால் மூன்றில் ஒரு பங்காகும். பாடப்புத்தகத்தில் இதைக் காப்பிருப்பு என்பார்கள். மாமாவின் வாயில் இருந்து வந்த 'பயத்துக்கு வைக்கிறது' என்ற பெயர்தான் எங்கள் கடையில் நிலைத்துவிட்டது. என்னிடம் கேட்டால் அதுதான் பொருத்தமான பெயரும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரே மட்டத்தில் இருக்கிற களஞ்சியங்கள் தமக்குள் சாமானை மாற்றிக்கொள்வது பற்றிக் கிருஷ்ணன், ராவ் என்ற இருவர் 1965இலேயே எழுதியிருக்கிறார்கள். 1968இல் ஷெர்புரூக் என்பவர் அமெரிக்க விமானப்படையின் உதிரிப்பாகங்களை எந்தத் தளத்தில் எத்தனை வைப்பது என்பதற்கு ஒரு முறை வகுத்தார். வானத்தில் பறக்கிறதோ சேற்றில் உழுகிறதோ, ஒரு சீல் இல்லாமல் நிற்கிறபோது இரண்டும் ஒரே நிலைதான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கடையில் தேவை கூடுவதற்கும் இன்னொரு கடையில் கூடுவதற்கும் தொடர்பில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. வன்னியில் எல்லாருக்கும் ஒரே மழை. ஒரே மாதத்தில் விதைத்து ஒரே மாதத்தில் வெட்டுகிறோம். வெட்டுமெஷின் பெல்ட் தேவைப்பட்டால் நான்கு கடையிலும் ஒரே கிழமையில் தேவைப்படும். 1979இல் கேரி எப்பன் என்பவர் இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்: தேவைகள் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால், சேர்த்து வைப்பதால் வருகிற மிச்சம் கரைந்து பூச்சியமாகிவிடும். அதைப் படித்த அன்று இந்த வேலையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரே மழைதான், ஆனா ஒரே குளமோ?"

அவர் சொன்னது எனக்குப் புரிய ஒரு போகம் எடுத்தது. மானாவாரிக்காரர் முதல் மழையை நம்பி விதைப்பார், அவர் வெட்டுகிற நேரம் வேறு. சின்னக் குளத்தின் கீழ் செய்கிறவர் ஒரு நேரம். கிளிநொச்சிப் பக்கத்துப் பெரிய குளமான இரணைமடுவின் கீழ் இருக்கிறவர் இன்னொரு நேரம். மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டு. எல்லாம் ஒரே போகம்தான், ஆனால் உள்ளே ஒன்றிரண்டு கிழமை முன்பின். அந்த ஒன்றிரண்டு கிழமைதான் எங்களுக்கு வேண்டியது. ஒரு பக்கத்தில் வெட்டு முடிகிற நேரம் மிஞ்சிய பெல்ட் அடுத்த பக்கத்துக்கு நகர வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்பே நகர வேண்டும். கேட்டபிறகு அனுப்புவது ஒரு வகை, கேட்குமுன் அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாவதுக்கு மெஷினைத் தெரிந்தால் போதாது, குளத்தையும் தெரியவேண்டும்.

குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோகத்தில் இது இன்னும் வெளிச்சம். இரணைமடுவில் இருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது என்பதால், எத்தனை ஏக்கர் செய்வது என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள், அதற்குள் பங்கு பிரிபடும். அப்போ சிறுபோகத்தில் கிளிநொச்சிக் கடையின் வியாபாரம் அந்தக் கூட்டத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இதனால்தான் பங்குனி மாதம் மாமா கடைக்குள் வந்தவுடன் நேற்றைய விற்பனையைக் கேட்கமாட்டார், "குளம் எத்தனை அடி?" என்று கேட்பார். 36 அடி நிறைந்த அளவு. அதில் இருந்து எத்தனை இறங்கியிருக்கிறது என்பதை வைத்து, இறைக்கிற மெஷின் சாமான் எந்தக் கடைக்கு எத்தனை போகவேண்டும் என்று விரலில் எண்ணுவார். நான் கணினியில் போட்ட கணக்கு பல தடவை அந்த விரலிடம் தோற்றிருக்கிறது.

சரி, நான்கு கடையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஒரு விரிதாளைத் திறந்து நான்கு நிரல் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான்கு கடைக்கும் பொதுவான பெயர் ஒரு சாமானுக்குக்கூட இல்லை.

கிளிநொச்சியில் 'சின்ன பெல்ட்' என்றால் ஒரு பெல்ட். மாங்குளத்தில் 'சின்ன பெல்ட்' வேறு பெல்ட். புதுக்குடியிருப்பில் பெட்டியின் நிறத்தைச் சொல்வார்கள்: 'நீலப் பெட்டி பேரிங்'. கொம்பனி பெட்டியின் நிறத்தை மாற்றியபிறகும் நீலப் பெட்டிதான். மல்லாவி அண்ணை இன்னும் ஒரு படி மேலே, அந்தச் சாமானை முதன்முதலில் வாங்கிப் போன ஆளின் பெயரால் கூப்பிடுவார்.

ஒரு பேரிங்கை எடுத்துக் காட்டுகிறேன். அதன் விளிம்பில் 6205 என்று பொறித்திருக்கும். கடைசி இரண்டு எண்ணான 05ஐ ஐந்தால் பெருக்கினால் 25. அதுதான் உள்ளே போகிற அச்சின் விட்டம், மில்லிமீற்றரில். 6204 என்றால் 20. இதை எனக்குச் சொல்லித் தந்தது மாங்குளத்துப் பெடியன். எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. சரி, 6205 என்று எழுதிவிட்டால் போதுமா? அதிலும் இரண்டு வகை: பக்கத்தில் தகர மூடி போட்டது, ரப்பர் மூடி போட்டது. அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், இரண்டும் அச்சில் ஏறும். ஆனால் சேற்றில் உழுகிற மெஷினுக்குத் தகர மூடி போட்டால் இடுக்கால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், போகம் முடியுமுன் சத்தம் போடத் தொடங்கும். என் விரிதாளில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. புதுக்குடியிருப்புக்காரர் ஆறு கேட்டார், மாங்குளத்தில் ஆறு இருக்கிறது என்று விரிதாள் சொன்னது, அனுப்பினோம். ஆறும் தகரம். அன்று அங்கிருந்து வந்த குரல் செய்தியை நான் இங்கே எழுதமுடியாது.

பெயர்களை ஒன்றாக்க மூன்று மாதம் எடுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கடை. எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி, எண்ணைப் பார்த்து, அளவுகோல் வைத்து அளந்து, மார்க்கரால் எழுதினோம். எண் அழிந்துபோனவற்றை அளந்தே பிடித்தோம். சாமானைப் பகிர்வது பற்றிக் கதைக்கிறவர்கள் பெரிய பெரிய சூத்திரம் எல்லாம் சொல்வார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை, இரண்டு பேர் ஒரே சாமானை ஒரே பெயரால் கூப்பிட வைப்பதுதான்.

மற்றக் கால்வாசி வேலை மல்லாவி அண்ணை.

பெயரெல்லாம் சரியான பிறகும் அவருடைய கடையின் எண்ணிக்கை எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. கேட்டால் எப்போதும் "முடிஞ்சுது தம்பி" என்பார். ஆனால் அவர் கடைக்கு வந்தவர் யாரும் இல்லை என்று திரும்பியதாகக் கேள்விப்படவில்லை. ஒருநாள் சொல்லாமல் போனேன். மேசைக்குக் கீழே உர பாக் ஒன்று. மேலே பழைய போல்ட், நட்டு. அதை விலக்கினால் ஏழு பெல்ட், புதுசு, கடதாசி கூடப் பிரிக்கவில்லை.

அவர் வெட்கப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இரும் தம்பி" என்றார். பிறகு கேட்டார்: "நான் இதைப் புதுக்குடியிருப்புக்குக் குடுத்தா ஆருக்கு விற்பனை?"

"அவைக்கு."

"மாதக் கடைசியில கொமிசன்?"

"அவைக்கு."

"அடுத்த நாள் என்ர ஊர்ச் சனம் வந்து கேட்டா, இல்லை எண்டு ஆர் சொல்லுறது?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விரிதாளில் நிரல் இல்லை.

ஒளித்து வைக்கிறவரைக் கள்ளன் என்று சொல்வது சுகம். ஆனால் நாங்கள்தான் அவரை ஒளிக்க வைத்திருந்தோம். கொடுக்கிறவருக்கு நட்டம், வாங்குகிறவருக்கு லாபம் என்று ஒரு முறையை வைத்துவிட்டு, எல்லாரும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? மாமாவும் அவரும் பழைய ஆட்கள். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியபோது, ஒரு மெஷினின் நொசிலைக் கழற்றி இன்னொரு மெஷினில் போட்டு, அடுத்த நாள் திரும்பக் கழற்றிக் கொடுத்தவர்கள். பகிர்வது அவர்களுக்கு என்னைவிடத் தெரியும். அவர் மறுத்தது பகிர்வதை அல்ல, நான் வைத்த முறையை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். சின்ன வயதில் அரிசி முடிந்தால் அரிசி அளக்கிற சுண்டைத் தந்து பக்கத்து வளவு அன்ரியிடம் என்னை அனுப்புவார், கைமாத்தாக இரண்டு சுண்டு. திருப்பிக் கொடுக்கும்போது சுண்டைத் தலைதட்டிக் கொடுக்கமாட்டார், கும்பமாக நிரப்பித்தான் கொடுப்பார். "தலைதட்டிக் குடுத்தா அடுத்த முறை கேக்கேலுமோ?" என்றார்.

மாமா கொமிசனைப் பிரித்தார். வேறு கடையில் இருந்து வந்த சாமான் விற்றால், அனுப்பிய கடைக்குப் பாதி, விற்ற கடைக்குப் பாதி. இந்த யோசனையை நான் சொன்னேன் என்று எழுத ஆசைதான், மல்லாவி அண்ணையே சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஒவ்வொரு கடையிலும் கடைசிச் சாமானைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. அலுமாரிக்குச் சும்மா நிரப்ப என்று கேட்டால் கடைசி ஒன்று கிடையாது. மெஷின் வயலில் நின்றுபோய், ஆள் கடையில் வந்து நின்றால் மட்டும் அது போகும். நாங்கள் அதை 'நிண்டுபோன மிசின்' சட்டம் என்கிறோம். பெயர் வைத்த அடுத்த நாளில் இருந்து எல்லாக் கடையிலும் எல்லா மெஷினும் நின்றுபோயின என்பது வேறு கதை. மாமா வயலில் நிற்கிற மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபிறகு கொஞ்சம் அடங்கியது.

உர பாக்கின் கீழிருந்த ஏழும் அடுத்த நாள் விரிதாளில் ஏறின. அப்புறம், நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது: மற்ற மூன்று கடையிலும் எண்ணிக்கை கூடியது. ஆகவே, உர பாக் எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது.

அனுப்புவது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். எங்களிடம் சாமான் கொண்டுபோக வாகனம் கிடையாது. பஸ்தான். ஒரு கடதாசிப் பெட்டி, சுற்றிப் பசை நாடா, மேலே மார்க்கரில் இறங்குகிற சந்தியும் எடுக்கிறவரின் தொலைபேசி எண்ணும். தரிப்பிடத்தில் நின்று, கொண்டக்டரிடம் கொடுத்து, கையில் கொஞ்சக் காசு வைத்தால், டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் அது ஏறிக்கொள்ளும். அந்த மூடி சூடு, அதில் பெல்ட்டை வைக்கவேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் வைப்பார்கள். பெட்டி ஏறியவுடன் பஸ்ஸின் நம்பரைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவோம். மற்றப் பக்கத்துப் பெடியன் சந்தியில் போய் நிற்பான். இத்தனை வருடத்தில் காணாமல் போனது இரண்டே பெட்டி. அதில் ஒன்று யாழ்ப்பாணம் வரை போய், மறுநாள் அதே கொண்டக்டரின் கையில் திரும்பி வந்தது.

பஸ்ஸில் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் வரைபடத்தைப் பார்த்தேன். விற்பனையில் பெரிய கடை கிளிநொச்சி, அதனால் எப்போதாவது ஒருமுறை போகிற விலைகூடிய சாமான்களை அங்கேதான் குவித்து வைத்திருந்தோம். ஆனால் பாதைகள் வந்து கூடுவது மாங்குளத்தில். வவுனியாவில் இருந்து வருகிற ஏ9 பெருந்தெரு அங்கே. ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகிற பாதை அங்கே பிரிகிறது. மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போகிறதும் அங்கேதான். கிளிநொச்சியில் இருந்து மல்லாவிக்கு ஒரு பெட்டி போவதென்றாலும் மாங்குளத்தில் பஸ் மாறவேண்டும். கிளிநொச்சியில் இருந்து பரந்தன், விசுவமடு ஊடாகப் புதுக்குடியிருப்புக்கு நேர்ப்பாதை இருக்கிறது, அது ஒன்றுதான் விலக்கு. ஆக, வருடத்தில் நான்கைந்து விற்கிற சாமான்களை மாங்குளத்துக்கு மாற்றினோம். அந்தச் சின்னக் கடைக்குள் திடீரென்று விலைகூடிய சாமான் வந்து நிறைந்ததில் மாங்குளத்து அண்ணை கொஞ்சம் உயர்ந்துவிட்டார். கிளிநொச்சிக்காரர் இன்னும் மறக்கவில்லை.

எல்லாச் சாமானையும் இப்படிப் பகிரமுடியாது என்பதை ஒரு லான்ட்மாஸ்டர் சொல்லித் தந்தது. அதில் எஞ்சினில் இருந்து மூன்று வி-பெல்ட் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒருவர் மூன்றும் கேட்டார். மல்லாவியில் இரண்டு, கிளிநொச்சியில் ஒன்று. அளவு ஒன்று, கொம்பனி ஒன்று, விரிதாளுக்குச் சந்தோசம். சேர்த்து அனுப்பினோம். பத்து நாளில் ஆள் திரும்பி வந்தார், புது பெல்ட் ஒன்று கையில் அறுந்தபடி. மல்லாவியில் இருந்தது பழைய இருப்பு, கிளிநொச்சியில் இருந்தது புதிது. ஒரே எண் எழுதியிருந்தாலும் ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் நீளத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்கும், வருடக்கணக்கில் தொங்கிய ரப்பரும் அதே ரப்பர் இல்லை. மூன்றும் சமமாக இழுக்காது. கட்டையாக இருக்கிறது முழுப் பாரத்தையும் தான் தாங்கிப் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றையும் மாற்றிக் கொடுத்தோம், எங்கள் செலவில். இப்போது விரிதாளில் அந்த பெல்ட் தனியாகக் கிடையாது, மூன்று மூன்றாகக் கட்டிய கட்டாகத்தான் இருக்கிறது. கட்டைப் பிரிக்கிற கடைக்கு அதற்குப் பிறகு அந்தச் சாமான் போகாது.

பிறகு 2022 வந்தது. டீசல் வரிசையில் பஸ்கள் நின்றன. ஓடுகிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஆள் தொங்கிக்கொண்டு போகிறபோது பெட்டிக்கு இடம் ஏது? மாங்குளத்தில் குவித்து வைத்ததெல்லாம் மாங்குளத்திலேயே நின்றது. நான்கு கடையும் திரும்ப நான்கு தீவு. அந்த மாதங்களில் நான் போட்ட கணக்கெல்லாம் பிழை. சேர்த்து வைத்த எட்டு பன்னிரண்டின் வேலையைச் செய்வது சாமான் நகர முடிகிறவரைக்கும்தான், நகராத எட்டு வெறும் எட்டு. ஆடி மாதமளவில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்து மெல்ல மெல்லப் பஸ் ஓடத் தொடங்கும்வரை, மாமா சைக்கிளில் ஆள் அனுப்பினார். மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்கு, கரியரில் கட்டிய பெட்டியோடு.

அதே வருடம்தான் மறுபக்கத்தையும் காட்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. கொழும்பு மொத்தக்காரர்கள் கடன் தருவதை நிறுத்திக் கைக்காசு கேட்டார்கள். சாமான் விலை இரண்டு மடங்கு, சிலது மூன்று மடங்கு. அந்த நேரத்தில் பயத்துக்கு என்று வைக்கிற ஒவ்வொரு பெல்ட்டும் காசாகக் கனத்தது. பஸ் ஓடத் தொடங்கியதும், பழையபடி பன்னிரண்டு வைக்க எங்களிடம் காசில்லை, எட்டில்தான் தொடங்கினோம். கணக்கைக் காட்டி நான் மூன்று வருடத்தில் செய்யமுடியாததைக் காசில்லாமை மூன்று மாதத்தில் செய்தது.

இந்தக் காலபோகம் எப்படிப் போகிறது என்று எழுதி நிறுத்துகிறேன். போன கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து படம் வந்தது: சாய்ந்த நெல், நடுவில் மெஷின், கழற்றிய மூடி. பெல்ட் கேட்டார்கள். கிளிநொச்சியில் இல்லை, மாங்குளத்தில் இல்லை. மல்லாவியில் ஒன்று, கடைசி ஒன்று. குழுவில் கேட்டேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு அண்ணையின் குரல்: "பஸ்ஸில போட்டிட்டன்." பஸ்ஸின் படமும் வந்தது.

அன்று பின்னேரம் திரும்ப அழைத்தார். பஸ் வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்தில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் அதே பெல்ட்டுக்கு வந்து நின்றாராம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"விடிய வரும் எண்டன். மனுசன் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி வாங்கிக் குடுத்தன், குடிச்சிட்டுப் போட்டார்." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பி, கொழும்பில இருந்து வந்தவுடனை எனக்கு ரெண்டு வை. விரிதாளில ஒண்டெண்டு போட்டாலும் காரியமில்லை."

நான் இரண்டு என்றே போட்டேன்.